தொட்டியின் அடியில் என்ன போடுவது?

நர்சரியில் செடி வாங்கினால் தொட்டி நிரப்பும் முறையும் இலவசமாகக் கூடவே வரும். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி, அதன்மேல் கொஞ்சம் மணல், அதற்கு மேலே கலவை. ஜல்லி கிடைக்காத வீட்டில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை; சில மாடிகளில் மிக்ஸி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோல். ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு பெரியது, பெரிய இடுக்கில் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். ஆனால் இந்த நியாயம் தொட்டிக்குள் நடப்பதைப் பாதிதான் சொல்கிறது. நீர் வடிவதைத் தீர்மானிப்பவை வேறு: கலவையின் துகள் அளவு, கலவை நிற்கும் உயரம், அடித்துளை, தொட்டி உட்கார்ந்திருக்கும் தரை. இவற்றோடு ஒப்பிட்டால் அடியிலுள்ள ஜல்லியின் பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்குக்காக அது எடுத்துக்கொள்ளும் இடமும் மாடிக்கு ஏற்றும் பாரமும் கொஞ்சமல்ல.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு பகுதி துளை வழியாக ஒழுகுகிறது, சற்று நேரத்தில் சொட்டுவது நிற்கிறது. நின்ற பிறகும் கலவைக்குள் நிறைய நீர் இருக்கிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள், பள்ளிப் பாடத்தில் படித்த தந்துகி விசையால், விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இடுக்கு எவ்வளவு குறுகலோ பிடி அவ்வளவு வலு. 1 மி.மீ. விட்டமுள்ள இடுக்கு சுமார் 3 செ.மீ. உயரத்துக்கு நீரைத் தாங்கி நிறுத்தும். 0.3 மி.மீ. இடுக்கு என்றால் 10 செ.மீ. வரை. ஜல்லிக் கற்களுக்கு நடுவிலுள்ள 1 செ.மீ. இடைவெளியோ 3 மி.மீ. உயரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே எந்தத் தொட்டியிலும், எவ்வளவு நன்றாக வடித்த பிறகும், கலவையின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை முழுக்க நீர் நிரம்பியே நிற்கும். அதைத் தொங்குநீர் என்று அழைப்போம். அந்தப் பட்டையின் உயரம் கலவையின் துகள் அளவைப் பொறுத்தது. தொட்டி அரையடி உயரமோ இரண்டடி உயரமோ, கலவை ஒன்றே என்றால் தொங்குநீரின் உயரமும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்தப் பகுதியில் காற்றுக்கு இடமில்லை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு பார்த்தால் நீரில் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. அங்கே இறங்கிய வேர் மூச்சுத் திணறி நலிகிறது, நலிந்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் சுலபமாக ஏறிக்கொள்கின்றன.

இதைச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் செவ்வக வடிவ ஸ்பான்ஜ் ஒன்றை நீரில் முழுக்க ஊறவைத்துத் தட்டையாக உள்ளங்கையில் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நிற்கும். பிழியாமல், அப்படியே நீண்ட பக்கத்தை அடியாக வைத்து நிமிர்த்துங்கள்; மறுபடி நீர் வடியும். அது நின்றதும் குறுகிய பக்கம் அடியில் வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வடியும். ஸ்பான்ஜ் மாறவில்லை, அதன் இடுக்குகளும் மாறவில்லை. உயரம் மட்டும் கூடியது, தொங்குநீர் நிற்கும் அடிப்பரப்பு சுருங்கியது. உயரமான தொட்டி நன்றாக வடிவதற்கும், அகலமான தட்டைத் தொட்டி எப்போதும் சொதசொதவென்று இருப்பதற்கும் காரணம் இதுதான். கலவையின் உயரம் விலைமதிப்புள்ள பொருள் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜல்லியைப் பற்றிய வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

இப்போது கலவைக்கு அடியில் ஜல்லி போடுகிறோம். மேலிருந்து இறங்கும் நீர் ஜல்லியின் விளிம்புக்கு வருகிறது. மேலே குறுகலான இடுக்குகள் அதை இறுகப் பிடித்திருக்கின்றன. கீழே அகலமான வெற்றிடம், பிடித்து இழுக்க அங்கே எந்த விசையும் இல்லை. அதனால் நீர் உடனே கீழே விழுவதில்லை. விளிம்புக்கு மேலுள்ள கலவை ஏறக்குறைய முழுதும் நிரம்பிய பிறகே சொட்டத் தொடங்குகிறது. ஜல்லி இல்லாதபோது தொட்டியின் தரையில் நின்ற அதே தொங்குநீர் இப்போது ஜல்லியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண் இயற்பியலாளர் வால்டர் கார்ட்னர் 1950களின் இறுதியிலேயே இதைக் கண்ணாடிப் பெட்டிகளில் மண் அடுக்கிப் படம் பிடித்துக் காட்டினார். நுண்மண்ணில் இறங்கும் ஈரம் சரளை அடுக்கைத் தொட்டதும் நின்று, பக்கவாட்டில் பரவுவதை அதில் பார்க்கலாம். பொறியாளர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். குப்பைக் கிடங்குகளை மூடும்போது மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்க, மெல்லிய மண்ணின் கீழே பருக்கைக் கற்களைப் பரப்பும் முறை உண்டு. தண்ணீர் வடிவதற்கென்று நாம் போடும் அதே வரிசை, அங்கே தண்ணீரைத் தடுப்பதற்கு.

கோல்ஃப் மைதானத்தைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு அடியில் சுமார் 30 செ.மீ. மணல் சார்ந்த கலவையும் அதன் கீழே 10 செ.மீ. சரளையும் போடப்படுகின்றன. சரளை வடிவதற்கு உதவாது என்றால் இவ்வளவு செலவு செய்வார்களா? அங்கே சரளைக்கு இரண்டு வேலை. கனமழையில் கலவையை மீறி வரும் நீரைப் பக்கவாட்டில் பல அடி தூரம் கடத்தி, புதைத்துள்ள வடிகுழாயில் சேர்ப்பது முதல் வேலை. இரண்டாவது, மேலேயுள்ள மணல் சீக்கிரம் காய்ந்துவிடாமல் அதன் அடியில் தொங்குநீரை நிறுத்தி வைப்பது; புல்லுக்கு அது வேண்டும். ஒரு அடி அகலத் தொட்டியில் நீருக்குப் பக்கவாட்டுப் பயணமே கிடையாது, துளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீளமான சிமெண்டுத் தொட்டியில் ஒரே மூலையில் ஒரே துளை இருந்தால் மட்டும் ஜல்லிக்கு இந்த முதல் வேலை கிடைக்கும். அதற்கும் இன்னும் மூன்று துளை போடுவது மேல்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று அண்மையில் வந்தது. 2025-ல் பிளோஸ் ஒன் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, பலவகைக் கலவைகளையும் பலவகை அடி அடுக்குகளையும் சேர்த்துச் சோதித்து, அடுக்கு வைத்தபோது கலவை தேக்கிவைக்கும் நீர் பெரும்பாலும் குறையவே செய்தது என்று அளந்து காட்டியது. அடுக்கு போட்டால் தேக்கம் கூடும் என்று பல தோட்ட நூல்கள் அடித்துச் சொல்லிவந்ததற்கு இது நேர் எதிர். ஆகையால் ஜல்லி போட்டால் செடி அழுகிவிடும் என்று பயமுறுத்துவது தவறு. இந்த நூல் அப்படிச் சொல்லாது. பாடப்புத்தகத்தில் வரையும் கோடு போல எல்லை அவ்வளவு கூர்மையாக நிஜத் தொட்டியில் இருப்பதில்லை. கலவைத் துகள்கள் கல்லிடுக்கில் இறங்கி இரண்டையும் இணைக்கின்றன. மணல் போன்ற அடுக்கு தன் சொந்த இடுக்குகளால் மேலுள்ள நீரைக் கொஞ்சம் கீழே இழுக்கவும் செய்கிறது. ஆனால் மாடியில் தொட்டி நிரப்புகிறவருக்கு முன்னால் உள்ள கேள்வி இன்னும் குறிப்பானது: இதே தொட்டியில், இந்த 5 செ.மீ. இடத்தில் ஜல்லி போடுவதா, கலவை போடுவதா?

கணக்காகப் பார்ப்போம். 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி, 5 செ.மீ. தொங்குநீர் தேங்கும் கலவை. முழுவதும் கலவையால் நிரப்பினால் மேலே 25 செ.மீ. காற்றோட்டமான வேர்ப்பகுதி, அடியில் 5 செ.மீ. ஈரப் பட்டை. அடியில் 5 செ.மீ. ஜல்லி போட்டு, இயற்பியல் பாடத்தில் உள்ளபடியே நடந்தால், 20 செ.மீ. காற்றோட்டம், 5 செ.மீ. ஈரம், 5 செ.மீ. கல். சரி, மறுப்பாளருக்கு முழுவதும் விட்டுக்கொடுப்போம். ஜல்லி தொங்குநீரை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைப்பது 25 செ.மீ. காற்றோட்டமான பகுதிதான், ஜல்லி போடாதபோது கிடைத்த அதே அளவு. மிச்சமிருப்பது கீழே ஈரமா கல்லா என்ற வித்தியாசம். சித்திரை வெயிலில், காலையில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துபோகும் மாடியில், அந்த 5 செ.மீ. ஈரம் செடிக்குச் சேமிப்பு. மிகச் சாதகமான நிலையிலும் ஜல்லி சமன் செய்கிறது, அவ்வளவே. அடியில் ஈரமே ஆகாத அடீனியம், கள்ளி வகைகளுக்கு என்ன செய்வது என்றால், அவற்றுக்குக் கலவையையே மாற்றவேண்டும்; அதற்குப் பின்னால் வருகிறேன்.

பாரத்தையும் கூட்டிப் பாருங்கள். 30 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 21 லிட்டர். அதில் 5 செ.மீ. ஜல்லி 3.5 லிட்டர், எடை ஏறக்குறைய 5 கிலோ. 50 தொட்டி வைத்திருப்பவர் எந்தப் பயனும் இல்லாமல் கால் டன் கல்லை மாடியில் ஏற்றியிருக்கிறார். கட்டடத்தின் வயதையும் தளத்தின் நிலையையும் யோசித்து வளர்ப்புப் பையும் தென்னை நார்க்கழிவும் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே பையின் அடியில் கருங்கல் ஜல்லி கொட்டுவது எனக்கு எப்போதும் புரியாத புதிர்.

அப்படியானால் பெரியவர்கள் செய்தது தப்பா என்று கேட்பார்கள். அவர்கள் செய்ததை நாம் தப்பாக நகலெடுத்தோம் என்பதே பொருத்தம். பழைய மண்தொட்டியின் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை இருக்கும். கலவை செம்மண், மணல், மக்கிய சாணம். தண்ணீர் ஊற்றினால் மண் கரைந்து அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். அதைத் தடுக்க, வளைந்த ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து ஓட்டைக்கு மேல் வைத்தார்கள். அது மண்ணைக் காக்கும் மூடி. சில்லுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்து வழியாக நீர் போய்விடும், மண் தங்கிவிடும். சுட்ட மண் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே ஆவியாக்கியதால் வடிவதைப் பற்றிய கவலையும் குறைவு. காலப்போக்கில் ஒரு சில்லு ஒரு கைப்பிடியாகி, கைப்பிடி இரண்டு அங்குலமாகி, மண்தொட்டி பிளாஸ்டிக் வாளியாக மாறிய பிறகும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே துளைக்கு மேல் ஒரு தடுப்பு தேவைதான், அடுக்கு தேவையில்லை. கொசுவலைத் துண்டு, பழைய நைலான் சல்லடை, தென்னையிலிருந்து உரித்த பன்னாடை, எதுவும் போதும். பன்னாடை ஓரிரு வருடத்தில் மக்கிவிடும், அதற்குள் வேர் கலவையைப் பின்னிப் பிடித்திருக்கும். ஒற்றை நாளிதழ்த் தாள்கூடப் போதும் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. துணி வேண்டாம், நெருக்கமான நெசவில் நுண்துகள் படிந்து துளையை அடைத்துவிடும். ஜல்லி போட்டால் துளை அடைபடாது என்ற வாதமும் இங்கே வரும். முதல் சில மாதம் அது உண்மை. பிறகு கலவையின் தூள் ஒவ்வொரு நீர்ப்பாய்ச்சலிலும் கீழே இறங்கிக் கல்லிடுக்கை நிரப்பிவிடும். தொட்டியை மாற்றும்போது அடியில் கல்லும் சேறும் கட்டியாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

துளையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் ஜல்லியின் மேல் வைக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் இதற்குத் தருவதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி அளவுக்கு 8 முதல் 10 மி.மீ. விட்டத்தில் ஐந்தாறு துளை வேண்டும். எங்கே போடுகிறோம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். பிளாஸ்டிக் வாளியின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதில்லை. நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருக்கும், சிலவற்றில் தலைகீழ். மேட்டில் துளை போட்டால் பள்ளத்தில் எப்போதும் நீர் நிற்கும், அதைக் கலவையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். துளையில்லாத வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது எங்கே சேருகிறது என்று பார்த்துக் குறி வைத்துவிட்டுத் துளைபோடுங்கள். சிமெண்டுத் தொட்டியில் வார்க்கும்போது வழிந்த சிமெண்டுப் பால் துளையை மூடியிருப்பது சகஜம். வாங்கும் கடையிலேயே கவிழ்த்துப் பார்த்துக் கம்பியால் குத்தித் திறந்துகொள்ளவேண்டும். வளர்ப்புப் பைகளில் துளை பக்கவாட்டில், அடியிலிருந்து சற்று மேலே இருக்கும். அந்த இடைவெளிக்குள் நிற்கும் நீர் வெளியேறாது. கோடையில் அது வரம். ஐப்பசியில் அதே பையின் அடி மூலைகளிலும் இரண்டு துளை குத்திவிடுங்கள்.

இனி கலவை. தொங்குநீரைக் குறைக்க உண்மையான வழி, கல்லைக் கீழே தனியாகப் போடுவதை விட்டு, பருக்கையான பொருளைக் கலவை முழுவதும் பரவவிடுவது. இடுக்குகள் பெரிதானால் நீர் தாங்கும் உயரம் தானாகக் குறையும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. கைப்பிடி மணலைக் கலந்துவிட்டு வடிகால் செய்துவிட்டதாக நினைக்கக்கூடாது. பருக்கைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்கு, ஏறக்குறைய பாதி கொள்ளளவுக்கு வந்தால்தான் அவற்றுக்கிடையில் பெரிய இடுக்குகள் தொடர்ச்சியாக உருவாகும். அதற்குக் குறைந்தால் கற்கள் சேற்றுக்குள் பதிந்து கிடக்கும், காற்றுக்கான இடம் முன்பைவிடக் குறையும். களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்ப்பது எல்லாவற்றிலும் மோசம். காய்ந்தால் சாந்து மாதிரி இறுகிவிடும். கரிசல் மண்ணோ ஏரி வண்டலோ வயலில் அருமையான மண், தொட்டிக்குள் அவற்றின் நுண்துகள் நீரை விடாது. வயலில் மண் பல அடி ஆழம் தொடர்ச்சியாகப் போகிறது, தொட்டியில் ஒரு அடியில் முடிந்துவிடுகிறது. அந்த முடிவில்தான் தொங்குநீர் பிறக்கிறது.

என்ன சேர்ப்பது? பெர்லைட் லேசானது, நன்றாக வேலை செய்யும், விலைதான் அதிகம், மழை பலமாக அடித்தால் மேலே மிதந்து வரும். கருக்கிய உமி நம் ஊரில் மலிவு. ஆனால் அரிசி ஆலையில் முழுக்க எரிந்து விழும் சாம்பலை வாங்கிவிடாதீர்கள், உமியின் வடிவம் உடையாமல் கருகியது வேண்டும். சாம்பல் தூள் இடுக்குகளை அடைக்கும். செங்கலை உடைத்து 4 முதல் 6 மி.மீ. வரையுள்ள பருக்கையைச் சலித்து எடுத்தால் நல்ல பொருள். தானும் கொஞ்சம் ஈரம் பிடிக்கும், நடுவில் காற்றும் விடும். தூளைத் தள்ளிவிடவேண்டும். எம்-சாண்டில் கல்தூள் அதிகம், கழுவிச் சலிக்காமல் சேர்த்தால் எதிர்மறையாகப் போகும். காய்கறித் தொட்டிக்கு வழக்கமான செம்மண், கோகோபீட், மண்புழு உரம் சரிபங்குக் கலவை கோடையில் நன்றாகவே இருக்கும். மழைக்காலத்துக்கு அது கனம். செம்மண்ணைக் குறைத்து, அந்த இடத்தில் கருக்கிய உமியோ செங்கல் பருக்கையோ சேர்த்து, உரத்தையும் மாவாகச் சலிக்காமல் சற்றுக் கரடுமுரடாகவே போடுங்கள். அடீனியத்துக்கும் கள்ளிக்கும் பருக்கை பாதிக்கு மேல் இருக்கவேண்டும். அங்கே மண்தான் விருந்தாளி. ஆர்க்கிட் தொட்டி முழுவதும் கரியும் ஓட்டுத் துண்டுமாக இருப்பதைக் காட்டி, கல் உதவுகிறதே என்று சொல்வதுண்டு. அங்கே கல் அடுக்கு இல்லை, கல்லே கலவை. மேலே நுண்மண் இல்லாததால் தொங்குநீரும் இல்லை.

எந்தக் கலவையும் நிரந்தரமல்ல. கோகோபீட்டும் எருவும் மக்க மக்கத் துகள் சிறுத்து, இடுக்கு குறுகி, தொங்குநீர் ஏறிக்கொண்டே வரும். முதல் வருடம் செழித்த கறிவேப்பிலை மூன்றாம் வருடம் காரணமில்லாமல் மஞ்சளடித்தால், உரம் போடுவதற்கு முன் கலவை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது தொட்டி உட்காரும் தரை. தட்டோடு பதித்த தளத்தில் தட்டையான தொட்டியை நேரே வைத்தால் துளை தரையோடு ஒட்டி அடைபடும், துளை வழியே வந்த வேர் ஓட்டு இணைப்புக்குள் நுழையும், ஒழுகல் அங்கிருந்து ஆரம்பிக்கும். மூன்று செங்கல் துண்டோ இரும்பு ஸ்டாண்டோ போதும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் நீரும் போகும், தரையும் காயும், நீங்களும் குனிந்து பார்க்க முடியும். தோட்டத்து வெறும் மண்ணில் வைக்கும் தொட்டிக்கு இது பொருந்தாது. அங்கே துளை வழியாகக் கலவையும் தரைமண்ணும் தொட்டுக்கொண்டால் தரை தொங்குநீரைக் கீழே உறிஞ்சிக்கொள்ளும். தூக்கி வைத்தால் அந்த உதவி போய்விடும். இதே தத்துவத்தில் மாடியிலும் ஒரு வேலை செய்யலாம். பருத்திக் கயிறோ நைலான் கயிறோ ஒன்றைத் துளை வழியாக உள்ளே கலவையில் நாலைந்து அங்குலம் புதைத்து, மறுமுனையைத் தொட்டிக்குக் கீழே தொங்கவிட்டால், அது திரிபோல நீரைத் தொடர்ந்து இழுத்துச் சொட்டும். ஜல்லியால் முடியாததைக் கயிறு செய்வதற்குக் காரணம், அதன் இழைகளுக்கு நடுவிலுள்ள குறுகிய இடுக்குகள் கலவையோடு தொடர்பு அறாமல் கீழே போகின்றன. இன்னும் எளிதான வழியும் இருக்கிறது. அடைமழை விட்டதும் தொட்டியின் ஒரு பக்கத்தைச் செங்கல் மேல் ஏற்றிச் சாய்த்து வையுங்கள், துளை தாழ்ந்த பக்கம் வரட்டும். ஸ்பான்ஜில் பார்த்த அதே விதிப்படி, சாய்ந்த தொட்டி நிமிர்ந்த தொட்டி தராத நீரைத் தந்துவிடும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அந்த மாதங்களில் இந்தச் சாய்ப்பு ஒரு மூட்டை ஜல்லியைவிட உதவும்.

அடித்தட்டு வைப்பவர்கள் அதில் நிற்கும் நீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடவேண்டும். இல்லையென்றால் வடித்த நீரைக் கலவை திரும்பக் குடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும் என்பதும் மறக்கக்கூடாதது. ஜல்லிக்கு நல்ல இடம் இந்தத் தட்டுதான். தட்டில் பரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தால் தொட்டி நீரைத் தொடாது. ஆனால் கல்லுக்கு நடுவிலும் கொசு முட்டையிடும், ஆகவே கொட்டும் வேலை தொடரும்.

வடிகாலைத் தாண்டி, அடியை நிரப்ப வேறு நியாயமான காரணங்கள் உண்டு. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஆழம். அதை முழுக்கக் கலவையால் நிரப்பப் பணமும் பாரமும் அதிகம். கத்தரி, தக்காளிக்கு ஒரு அடி கலவை இருந்தால் சமாளிக்கும் என்பதால் மீதி ஆழத்தில் நிரப்புப் பொருள் போடலாம். தேங்காய் மட்டை எல்லாரும் போடுவது. அது வடிகால் பொருள் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீரை உறிஞ்சி வைத்திருக்கும், மெதுவாக மக்கும், மக்கும்போது நைட்ரஜனைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், கலவை மட்டமும் இறங்கும். கோடைக்கு நல்லது, மழைக்கு அவ்வளவு நல்லதில்லை. தெர்மாகோல் பாரமே இல்லை, நீரும் பிடிக்காது. ஆனால் வேர் துளைத்து மணிமணியாக உதிர்ந்து, அடுத்த முறை கலவையைக் கொட்டும்போது மாடியெங்கும் பறக்கும். மூடியிட்ட காலி தண்ணீர் பாட்டில்களை அடியில் அடுக்குவது இதைவிடச் சுத்தம், திரும்ப எடுக்கவும் முடியும். காற்றில் சாயும் உயரமான செடிக்கு அடியில் கனம் வேண்டும் என்றால் கல் போடுங்கள், அது நேர்மையான காரணம். இரண்டு முழுச் செங்கல் போதும்.

துளையே இல்லாத பீங்கான் தொட்டி, கண்ணாடிக் குடுவை இவற்றில் அடியில் கல் போட்டால் நீர் எங்கும் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டிருக்கும். செடியைத் துளையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கிவிடுங்கள். தண்ணீர் விட வெளியே எடுத்து, வடிந்ததும் உள்ளே வைக்கலாம்.

ஏற்கெனவே ஜல்லி போட்ட தொட்டிகளை இன்றே கவிழ்க்கவேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடத்துக்குள் துளை சொட்டுகிறதா என்று பாருங்கள். மறுநாள் துளை வழியாக ஈர்க்குச்சியை ஒரு விரல் நீளம் உள்ளே விட்டு எடுங்கள். ஈரமாக வந்தால் சரி, சேறு ஒட்டி நாற்றமடித்தால் பிரச்சினை இருக்கிறது. அந்தத் தொட்டிகளை மட்டும் ஆடிப்பட்டத்துக்கு நிரப்பும்போது பிரித்து, கல்லைக் கழுவி எடுத்துவிட்டு, புதிய கலவையை அடிவரை போட்டு, தொட்டியைச் செங்கல் துண்டுகள் மேல் ஏற்றி வையுங்கள். செடி நன்றாக இருக்கிற தொட்டியை அப்படியே விட்டுவிடலாம்.